ஒரு சின்னப் பைக்குப் பின்னால் முப்பது வருஷம்

போன வியாழக்கிழமை ஓ.பி.யில் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வீடியோ. "டாக்டரம்மா, பம்பாயில நம்ம ரத்தத்தையே எடுத்து மருந்தாக்கி நமக்கே ஏத்துறாங்களாமே, என் புள்ளைக்கு அது ஆகாதா?" என்று கேட்டார். பையனுக்கு 19 வயது. பி-செல் வகை ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருஷம் கீமோ முடித்து, எட்டு மாதம் நன்றாக இருந்து, வலைக்குக்கூடப் போக ஆரம்பித்துவிட்டான், அப்புறம் மறுபடி வந்துவிட்டது. (ஊர், வயது எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஆகும் என்றேன். அவனுக்கு வந்திருக்கும் வகைக்கு ஆகும், 15 வயதுக்கு மேல் அனுமதியும் இருக்கிறது. எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். மருந்து மட்டுமே நாற்பது லட்சத்தைச் சுற்றி வரும் என்று சொன்னேன். போனை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, "படகை வித்தாலும் வராதும்மா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஹவுஸ் சர்ஜன் பெண் அன்று முழுக்கப் பேசவே இல்லை. மூன்றரை மணிக்கு ஓ.பி. முடிந்து கேன்டீனில் டீ குடிக்கும்போது ஆரம்பித்தார். "மேம், இதை முதல்ல யோசிச்சது டாக்டரா சயின்டிஸ்டா? நான் எம்.டி. முடிச்சிட்டு ரிசர்ச் பக்கம் போகணும்னு நினைக்கிறேன், வீட்ல ஒரே சண்டை." சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் வார்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மீதியைத்தான் மூன்று நாளாக ராத்திரி திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அவருக்கு எழுதியதுதான், மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் அது என்ன வைத்தியம் என்று, அந்த அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன். நம் ரத்தத்தில் டி-செல் என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப்பிடித்துக் கொல்வது அதன் வேலை. புற்றுநோய் செல் நம் சொந்த செல்லிலிருந்தே பிறந்தது என்பதால் பல நேரம் டி-செல் அதை வீட்டு ஆள் என்று விட்டுவிடும். ஆன்டிபாடி என்று இன்னொன்று இருக்கிறது, அது குறி பார்த்து ஒட்டுவதில் கெட்டி, ஆனால் டி-செல் மாதிரி தானே பெருகிப் பெருகிச் சண்டை போடத் தெரியாது. 1989-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் செலிக் எஷ்ஹாரும் அவர் குழுவும் இந்த இரண்டையும் ஒட்டிப் பார்த்தார்கள்: ஆன்டிபாடியின் தலை, டி-செல்லின் உடம்பு. அந்த ஒட்டுக்குத்தான் கைமெரிக் ஆன்டிஜென் ரிசப்டர் என்று பெயர், சுருக்கி 'கார்'. கைமெரா என்பது கிரேக்கக் கதையில் வரும் கலப்பு விலங்கு. நமக்கு அது புதிதே இல்லை, சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாகக் கோயில் தூணில் நிற்கிற யாளிதான். நான் கிளாஸ் எடுக்கும்போது யாளி செல் என்றே சொல்வேன், பிள்ளைகளுக்கு ஒரு தடவையில் பிடிபட்டுவிடும்.

நோயாளிக்கு நடப்பது இவ்வளவுதான். பிளேட்லெட் பிரித்தெடுக்கிற மாதிரி மெஷினில் சில மணி நேரம் உட்கார வைத்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். லேபில் அந்த டி-செல்களுக்குள் யாளி ஜீனை ஒரு முடமாக்கிய வைரஸ் வழியாக நுழைத்து, ஒன்றரை வாரம் போலப் பெருக்கி, உறைய வைத்து, மறுபடி கொண்டு வருவார்கள். ஏற்றுவதற்கு முன் சில நாள் லேசான கீமோ கொடுத்து உடம்பில் இடம் ஒழிக்க வேண்டும். அப்புறம் ஒரு சின்னப் பை. அரை மணி நேரத்துக்குள் ஏறி முடிந்துவிடும். வீடியோவில் அந்தப் பையைத்தான் காட்டுகிறார்கள், அதற்கு முன்னால் போன முப்பது வருஷத்தைக் காட்டுவதில்லை.

அந்த முப்பது வருஷத்தில் பெரும்பகுதியை ஒருவருடைய வாழ்க்கை வழியாகச் சொல்லலாம். கார்ல் ஜூன், அமெரிக்க டாக்டர். இவர் மட்டுமே கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது தப்பு. எஷ்ஹார் இருக்கிறார், நியூயார்க்கில் மிஷெல் சாடலெய்ன் இருக்கிறார், ஸ்டீவன் ரோசன்பர்க் இருக்கிறார், இன்னும் பலர். ஆனாலும் ஒரு டாக்டர் லேபுக்குள் போனால் என்ன ஆகும் என்று கேட்கிற பெண்ணுக்குச் சொல்ல ஜூனின் பாதையைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது நேராகப் போகவே இல்லை.

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் சேர்ந்து 1975-இல் முடித்தார். 1979-இல் டாக்டர். நடுவில் ஜெனீவாவில் மலேரியா ஆராய்ச்சி. 1983-இல் கடற்படை அவரை சியாட்டிலுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை கற்றுக்கொள்ள அனுப்பியது. கடற்படைக்கு எதற்கு மஜ்ஜை மாற்று? அணுகுண்டு பயம். கதிர்வீச்சு பட்டால் முதலில் சாவது மஜ்ஜைதான், அப்படி நேர்ந்தால் வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும் என்று நினைத்தார்கள். சியாட்டிலில் அவருக்குக் கிடைத்த ஆசான் டானல் தாமஸ், மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக 1990-இல் நோபல் வாங்கியவர். அந்த வார்டில் ஜூன் கண்ணால் பார்த்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றுக்கும் விதை என்று நான் நினைக்கிறேன்: தானம் கொடுத்தவரின் மஜ்ஜையோடு வருகிற டி-செல்கள், நோயாளியின் உடம்பில் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்களைத் தேடிக் கொல்கின்றன. அதே செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும்கூடத் தாக்கும். நானும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். தோல் உரிந்து படுத்திருப்பவரின் மஜ்ஜை ரிப்போர்ட்டில் ஒரு புற்றுநோய் செல்கூட இருக்காது. இந்தப் பலத்தை வைத்துக்கொண்டு அந்தக் கேட்டை மட்டும் விலக்க முடியாதா என்ற கேள்வி அந்தக் கட்டிலோரம் நின்றவருக்குத்தான் உறைக்கும்.

திரும்பி வந்தவருக்குக் கடற்படை லேபில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வழியில்லை. அவர்களுக்கு வேண்டியது தொற்றுநோய். அது எய்ட்ஸ் காலம். சரி, எய்ட்ஸில் குறைவது டி-செல், அதை வெளியே பெருக்கித் திருப்பிக் கொடுக்கலாமா என்று இறங்கினார். கேட்க எளிது. டி-செல்லை உடம்புக்கு வெளியே வளர்ப்பது அன்றைக்குப் பெரிய பாடு. அதைத் தட்டி எழுப்ப ஒரு சிக்னல் போதாது, இரண்டு வேண்டும். பேங்க் லாக்கர் மாதிரி, நம் சாவியும் மேனேஜர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இரண்டாவது சாவியான சி.டி.28 பற்றி 80களின் கடைசியில் வேலை செய்தவர்களில் ஜூனும் ஒருவர். அப்புறம் அவரும் புரூஸ் லெவினும் கண்ணுக்குத் தெரியாத காந்த மணிகளில் இரண்டு சாவியையும் பூசி, டி-செல்லோடு கலந்து வைத்தார்கள். செல்கள் தம்மை எழுப்பியது இன்னொரு செல் என்று நம்பிப் பெருகின. வேலை முடிந்ததும் காந்தத்தைக் காட்டினால் மணிகள் தனியே வந்துவிடும். 1996-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. இப்படி வளர்த்த செல்களில் எச்.ஐ.வி. பரவத் திணறியது அவர்களுக்கே ஆச்சரியமான உபரிச் செய்தி.

இந்த மணி விஷயத்தை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செய்தித்தாளில் இது வராது. பரிசு விழாவில் யாரும் இதற்குக் கைதட்ட மாட்டார்கள். ஆனால் யாளி ஜீனை யார் வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கலாம், ஒரு மனிதருக்குப் போதுமான அளவுக்கு, கோடிக்கணக்கில், உயிரோடு, சுத்தமாகச் செல்லை வளர்க்கத் தெரியாவிட்டால் அந்த ஜீன் காகிதத்திலேயே கிடக்கும். எய்ட்ஸுக்காகக் கற்றது பின்னால் புற்றுநோய்க்கு அப்படியே உதவியது. அதைவிடப் பெரியது, ஜீனை உள்ளே கொண்டுபோகும் வண்டியாக அவர் பயன்படுத்தியதே எச்.ஐ.வி. வகை வைரஸின் விஷம் நீக்கிய வடிவம்தான். பத்து வருஷம் எந்த வைரஸோடு மல்லுக்கு நின்றாரோ அதையே வேலைக்காரனாக்கிக்கொண்டார். திசை மாறிப் போனதாகத் தெரிந்த ஒரு வருஷமும் வீணாகவில்லை.

1999-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2001-இல் அவர் மனைவி கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அதற்குப் பிறகு முழுமூச்சாகப் புற்றுநோய்தான். இதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை, அது அவர் வீட்டு விஷயம்.

2010-இல் முதல் சிகிச்சை. டாரியோ கம்பானா வடிவமைத்த, இரண்டாவது சிக்னலையும் உள்ளேயே வைத்த கார் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். குறி சி.டி.19, இந்த வகைப் புற்றுநோய் பிறக்கிற பி-செல் என்ற வெள்ளை அணுவின் மேல் இருக்கும் ஒரு புரதம். பெரிய இடங்கள் பணம் கொடுக்கவில்லை. மருமகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தம்பதி தொடங்கிய தர்ம அமைப்பு 10 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் மூன்று பேருக்குத்தான் முடிந்தது, கையிருப்பு காலி. அந்த மூவரையும் வார்டில் பார்த்துக்கொண்டவர் டேவிட் போர்ட்டர். முதல் நோயாளி பில் லுட்விக், ஓய்வு பெற்ற சிறைக் காவலர். ஏற்றிய பிறகு கடும் காய்ச்சல், நடுக்கம், பிழைப்பாரா என்ற நிலை. ஒரு மாதம் கழித்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் செல் ஒன்றுகூட இல்லை. ஜூன் நம்பவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடியும் இல்லை. ஒரு கிலோவுக்கும் மேல் இருந்திருக்கும் என்று கணக்கிட்ட புற்று, கரைந்து போயிருந்தது. இரண்டாவது நோயாளி டக் ஓல்சன். அவருக்கு ஏற்றிய செல்கள் பத்து வருஷம் கழித்தும் உடம்பில் உயிரோடு இருந்ததை 2022-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மருந்து என்றால் ரத்தத்தில் சில மணி நேரம் இருக்கும், சில நாள் இருக்கும். பத்து வருஷம் காவல் இருக்கிற மருந்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடம். 2012 ஏப்ரல். எமிலி வைட்ஹெட், ஆறு வயதுச் சிறுமி, பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை. இந்த சிகிச்சை பெற்ற முதல் குழந்தை. கவனித்தவர் ஸ்டீபன் கிரப். செல் ஏற்றிய சில நாளில் கொதிக்கும் காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுந்தது, வென்டிலேட்டர். ஸ்டீராய்டு கேட்கவில்லை. பெற்றோரிடம் ராத்திரி தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் ரத்தத்தை லேபுக்கு அனுப்பி சைட்டோகைன்களை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல விடும் புரதங்களை, அளந்தார்கள். இன்டர்லூகின்-6 என்ற ஒன்று எக்கச்சக்கமாக, இயல்பைவிட ஆயிரம் மடங்கு அளவில் ஏறியிருந்தது. அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து முடக்குவாதத்துக்குக் கொடுப்பது, ஜப்பானின் தடமிட்சு கிஷிமோட்டோவின் வேலையிலிருந்து வந்தது. புற்றுநோய் டாக்டர் யாரும் அதை நினைத்திருக்க நியாயமில்லை. ஜூனுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவர் மகளுக்கே சிறுவயது மூட்டுவாதம், அதனால் அந்த மருந்தைப் பற்றிப் படித்து வைத்திருந்தார். ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. தன் ஏழாவது பிறந்தநாளான மே 2 அன்று எமிலி கண் விழித்தாள். இன்று அவள் கல்லூரி மாணவி.

அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டில் மகளுக்கு வைத்தியம் பார்த்த அப்பா, லேபில் சைட்டோகைன் அளக்கத் தெரிந்தவர், அந்தக் காய்ச்சலைப் பற்றி லுட்விக் விஷயத்திலேயே தெரிந்துகொண்டவர், இந்த மூன்றும் ஒரே ஆள். மூன்று தனித்தனி ஆட்களாக இருந்து, மூன்று தனித்தனி கட்டடத்தில் உட்கார்ந்து, ஈமெயில் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த ராத்திரி விடிந்திருக்குமா என்று தெரியாது. எமிலி இறந்திருந்தால் அந்த ஆராய்ச்சியே நின்றுபோயிருக்கும் என்று அவர்களே பல முறை சொல்லியிருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 30-இல் அமெரிக்காவில் கிம்ரியா என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்த அன்றே டோசிலிசுமாபுக்கும் இந்தப் பயனுக்கான அனுமதி கிடைத்தது. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் நடந்த பெரிய ஆய்வில் மூன்று மாதத்துக்குள் 81 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வேறெந்த மருந்துக்கும் நோய் அடங்காமல் கைவிடப்பட்ட நோயாளிகள் இவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் அது நிலைக்கவில்லை, சிலருக்குப் புற்றுநோய் சி.டி.19-ஐயே கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பி வருகிறது. மார்பகம், நுரையீரல் மாதிரிக் கட்டிகளில் இன்னும் இந்த அளவுக்குப் பலன் வரவில்லை. இதையும் வீடியோ அனுப்புகிறவர்கள் சொல்ல வேண்டும்.

2017-இல் கிம்ரியாவின் விலை 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் 3 கோடி ரூபாய். இந்த வகை வைத்தியத்தை நம் நாட்டிலேயே உருவாக்கியது மும்பை ஐ.ஐ.டி.யில் ராகுல் பூர்வார் குழுவும் டாடா மெமோரியலில் ஹஸ்முக் ஜெயின், கௌரவ் நருலா போன்ற டாக்டர்களும் சேர்ந்து. லேபும் வார்டும் கைகோத்ததால்தான் அது நடந்தது. 2021-இல் முதல் நோயாளி, 2023 அக்டோபரில் அனுமதி, 2024 ஏப்ரல் 4-இல் குடியரசுத் தலைவர் அர்ப்பணித்தார். அதன் பெயர் நெக்ஸ்கார்19. விலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக இறங்கியது. தேவனாம்பட்டினத்து அம்மாவுக்கு அதுவும் எட்டாத உயரம் என்பது வேறு. பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே செல் தயாரித்து ஏற்றும் ஆய்வு நடந்திருக்கிறது. என் நம்பிக்கை அந்தப் பக்கம்தான். உறைய வைத்து விமானத்தில் அனுப்புகிற செலவு போனாலே பெரிய மாற்றம் வரும்.

இப்போது என் கதை, சுருக்கமாக. எம்.டி.க்கு மேற்பட்ட டி.எம். படிப்பை முடித்து வேறொரு ஊரில் இரண்டு வருஷம் டி-செல் வளர்க்கக் கற்றுக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் வாரத்துக்கு இரண்டு அரை நாள் லேபுக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நோயாளியைப் பார்க்கத்தான் சம்பளம் என்று பதில் வந்தது. ஓ.பி.யில் வரிசை கதவு தாண்டி நிற்கும்போது அந்தப் பதிலில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அந்த வரிசையை வைத்தே என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. நம் பக்கத்து நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள், பாதிப்பேர் சத்துக்குறைவோடு வருகிறார்கள், நிறைய கீமோ வாங்கிய பிறகுதான் அடுத்த வைத்தியத்தைப் பற்றிப் பேச்சே வருகிறது. கீமோ கூடக்கூட டி-செல்லின் வளரும் தெம்பு குறையும் என்பது தெரிந்த விஷயம். அப்படியானால் இவர்களுடைய டி-செல் லேபில் பெருகுமா? எப்போது எடுத்து வைத்தால் பெருகும்? மருந்து 40 லட்சத்திலிருந்து 4 லட்சத்துக்கு இறங்குகிற ஒரு நாள் வந்தால், அன்றைக்கு நம் பிள்ளைகளின் செல் வளராமல் போய்விடக் கூடாதே.

ஒரு தோழி வேறொரு கல்லூரியில் லேப் வைத்திருக்கிறார். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி, நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கி, சனிக்கிழமை மதியங்களில் ஆரம்பித்தோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. கரண்ட் போய், ஜெனரேட்டர் இருந்த இடத்தில் தண்ணீர் ஏறி, இன்குபேட்டர் அணைந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையிலும் வெள்ளம், கடலூரிலிருந்து நான் போய்ச் சேரவே முடியவில்லை. போய்த் திறந்தபோது ஒன்பது வாரத்துச் செல்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. அதில் இரண்டு பேருடைய ரத்தத்தை மறுபடி கேட்கவும் முடியாது, அவர்கள் இல்லை. அன்று லேபிலேயே உட்கார்ந்து அழுதேன். ஜனவரியில் மறுபடி ஆரம்பித்தோம். இன்குபேட்டர் இப்போது மாடியில்.

அதனால் அந்தப் பெண்ணின் வீட்டுச் சண்டைக்கு என் பதில்: அப்பாவிடம் பொய் சொல்ல வேண்டாம். கூடப் படித்தவர்கள் வீடு கட்டும்போது நீங்கள் செல் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். கிராண்ட் வராது. வந்தாலும் பாதியில் முடியும். ஆனால் வார்டை விட்டுவிட்டு லேபுக்குப் போய்விடாதீர்கள், லேபுக்காக வார்டில் ஒரு கால் இருக்கட்டும். கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்கித் தர வேண்டும் என்று ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடம் நான் தொடர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் புதுச்சேரி. இங்கே அது முடியாத காரியமா?

பையனுக்கு மறுபடி கீமோ ஆரம்பித்திருக்கிறோம். நோய் அடங்கினால் மஜ்ஜை மாற்றுக்குப் போகலாம், அதற்கு அரசுக் காப்பீடும் வேறு சில உதவிகளும் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. தங்கையின் ரத்தத்தைப் பொருத்தம் பார்க்க அனுப்பியாகிவிட்டது, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. கீமோ தொடங்கும் முன் அவன் ரத்தத்தில் ஒரு சின்னக் குழாய் ஆய்வுக்குத் தருவீர்களா என்று கேட்டபோது, எதற்கு என்று அவனே கேட்டு, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக் கையெழுத்துப் போட்டான்.

நேற்று சனிக்கிழமை அந்த ஹவுஸ் சர்ஜன் பெண் லேபுக்கு வந்தார். மைக்ராஸ்கோப்பில் கட்டம் போட்ட கண்ணாடியை வைத்து செல் எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பையனுடைய செல்கள்தான், மணியோடு சேர்த்து மூன்றாவது நாள். அவர் எண்ணியதும் நான் எண்ணியதும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.